இடியில் கெட்ட முட்டைகள்

புயல் அடித்ததற்கு அடுத்த வருசம், கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை. எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். வந்துவிட்டால் ஓடிப்போய் மோட்டாரைப் போடுவார்கள், மாவை ஆட்டுவார்கள், செல்போனைச் சொருகுவார்கள். எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். அப்படிப்பட்ட வருசத்தில் போய் வடிவு குஞ்சு பொரிக்கிற மிஷின் வாங்கினாள். அவள் புருசன் சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டதை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் அவளும் விளையாட்டுக்கு வாங்கவில்லை. அந்தக் கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்து ஊர்க் கோழிகளை வாரிக்கொண்டு போயிருந்தது. காலையில் கூடையைத் தூக்கினால் தலை தொங்கிக் கிடக்கும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டும் அடைக்கு உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எப்போது முட்டையிடும் என்று காத்துக்கிடக்க வேண்டும். கோழி முட்டையிட்டுக்கொண்டே இருக்கட்டும், அடையை மிஷின் பார்த்துக்கொள்ளட்டும் என்பது வடிவின் யோசனை. மகளிர் குழுவில் விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தபோது அவள் மனசில் விழுந்த மிஷின் அது.

ஏற்பாடு பழைய ஏற்பாடுதான். ஆட்டை வாரத்துக்கு விடுவதில்லையா, அது மாதிரி. முட்டை கொடுத்தவளுக்குப் பாதிக் குஞ்சு, மிஷின்காரிக்குப் பாதி. யாருடைய முட்டை எது என்று தெரிய அடுப்புக்கரியால் ஆளுக்கொரு அடையாளம் போட்டாள். ஒருத்திக்குக் கோடு, ஒருத்திக்குப் புள்ளி, அஞ்சம்மாளுக்கு வட்டம். எழுத்து எதுவும் கிடையாது, சாட்சி கிடையாது. வடிவு சொன்னால் சரி. ஊர்ப் பெண்கள் மிஷினை நம்பி முட்டை கொடுக்கவில்லை, வடிவை நம்பிக் கொடுத்தார்கள். இதை அவளும் தெரிந்துதான் வைத்திருந்தாள்.

மிஷின் சூடு ஆறாமல் இருக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு ஒரு வழி சொல்ல அவள் தம்பி தீனதயாளன் இருந்தான்.

தீனா திண்டிவனத்தில் சோலார், இன்வெர்ட்டர், பேட்டரிக் கடை போட்டிருந்தான். அம்மா செத்தபோது அவன் இடுப்பில் இருக்கிற பிள்ளை. வடிவுதான் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது பாத்திர பண்டத்தோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சீதனமாக வந்த மச்சான் என்று சக்கரபாணி கிண்டல் செய்வான். கிண்டல்தான் செய்தானே ஒழிய, சோற்றுத் தட்டில் அவனுக்கு ஒருநாளும் குறை வைத்ததில்லை. ஐ.டி.ஐ. படிக்க விழுப்புரம் பஸ் ஏற்றிவிட்டதும் சக்கரபாணிதான். கடை திறந்த அன்றைக்கு வடிவு குத்துவிளக்கு ஏற்றினாள். அந்தப் போட்டோ இன்னும் கடைச் சுவரில் மாட்டியிருந்தது.

தீனா முதலில் மொட்டை மாடியில் ஒரு பெரிய பேனலைப் போட்டு, கீழே பேட்டரி வைத்து, நடுவில் கையகலத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினான். பேனலிலிருந்து வருகிற கரண்டை வாங்கிப் பேட்டரிக்கு அனுப்புகிற பெட்டி. கன்ட்ரோலர் என்று பேர். பகலெல்லாம் வெயில் கொளுத்தியும், விடியும்போது பேட்டரி காலியாகி இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும். முதல் அடையில் பாதி முட்டைதான் பொரிந்தது. மிச்சப் பாதியை உடைத்தால் உள்ளே குஞ்சு மூக்கும் இறகுமாகச் செத்துக் கிடந்தது.

தீனா வந்து பார்த்தான். கோளாறு அந்தச் சின்னப் பெட்டியில் என்றான். அவன் விளக்கம் சொன்ன விதம் அழகாகத்தான் இருந்தது. பேனல் பெரிய வோல்ட், பேட்டரி சின்ன வோல்ட். சாதாப் பெட்டி பேட்டரிக்கு எவ்வளவு வோல்ட் வேண்டுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீணாக விட்டுவிடும். எம்.பி.பி.டி. என்று ஒன்று இருக்கிறது. அது மிச்ச வோல்டையும் கரண்டாக மாற்றிப் பேட்டரிக்குள் தள்ளும். இதே வெயிலுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கிடைக்கும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆடி கடைசியில் அந்தப் புதுப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினான். நல்ல கனம். முன்னால் பச்சை வெளிச்சத்தில் பேட்டரிப் படம் தெரிந்தது. ஓரத்தில் நாலைந்து பச்சைப் பெயிண்ட் துளி காய்ந்து கிடந்ததை வடிவு நகத்தால் சுரண்டிப் பார்த்து என்ன என்று கேட்டாள். கோடவுனில் சிந்தியது என்றான். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்து, கேப்பைக் களி கிண்டி, அவன் போதும் போதும் என்கிற வரைக்கும் போட்டாள்.

சக்கரபாணிக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. புதுப் பெட்டி வந்த பிறகும் இன்வெர்ட்டர் அதே விடிகாலையில்தான் கத்தியது. ஒருநாள் நல்ல வெயிலாகப் பார்த்துப் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினான். மறுநாள் புதுசை மாட்டினான். இரண்டு நாளும் அதே மிஷின், அதே முட்டை. இரண்டு நாளும் கோழி கூவுகிற நேரத்துக்குப் பேட்டரி படுத்துவிட்டது. உன் தம்பி ஒரு எருமையைக் கழட்டிவிட்டு இன்னொரு எருமையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்றான். வடிவுக்குச் சுருக்கென்றது. உடனே போனைப் போட்டுத் தம்பியைக் கேட்டாள். புதுப் பெட்டி பேட்டரியோடு பழகக் கொஞ்ச நாள் ஆகும், அடிக்கடி கழற்றி மாட்டினால் எப்படிப் பழகும் என்று தீனா கோபித்துக்கொண்டான். அவள் அதையே புருசனிடம் சொல்லி, இனிமேல் பெட்டியைத் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். தொழில் தெரிந்த தம்பி சொல்வது சரியா, மல்லாட்டைக் கடலைக் கொடி பிடுங்குகிற புருசன் சொல்வது சரியா? நாமாக இருந்தாலும் தம்பி பக்கம்தான் நின்றிருப்போம்.

ஆவணியில் அஞ்சம்மாள் முட்டைக் கூடையோடு வந்தாள். எதிர்வீட்டுக்காரி, புருசன் இல்லாதவள், பிள்ளைகளும் இல்லை. கோழிதான் அவள் குடும்பம். அவளிடம் ஒரு கறுப்பு வகை இருந்தது. கழுத்தில் மட்டும் செம்பட்டை மின்னும், முட்டை சிறுத்திருக்கும், பருந்து வந்தால் எதிர்த்து நிற்கும். பிறந்த வீட்டிலிருந்து அவள் கூடையில் கொண்டுவந்த வகை. கழிச்சலில் சேவலும் போய்ப் பெட்டைகளும் போய், கடைசிப் பெட்டையும் போன வாரம் சுருண்டு விழுந்திருந்தது. அது சாவதற்கு முன்னால் இட்ட முட்டைகளைத்தான் உமியில் புதைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"இத்தோட அந்த வகை முடிஞ்சிதும்மா வடிவு. அடைக்கு வெக்கலாம்னா ஒரு கோழி கூட கெடைக்கல. உன் மிஷின்ல வெச்சிக் குடு. பாதில்லாம் வாணாம், ஒரு ஜோடி பொழைச்சா போதும், மிச்சத்த நீயே வெச்சிக்க" என்றாள்.

"அப்டில்லாம் சொல்லாதக்கா. இப்ப என் தம்பி புதுப் பொட்டி போட்டுக் குடுத்துக்கீறான். எல்லாம் பொரியும்" என்றாள் வடிவு. ஒவ்வொரு முட்டையிலும் தானே கரியால் வட்டம் போட்டாள்.

பகலில் மூன்று வேளை முட்டைகளைப் புரட்டிவைப்பாள். தண்ணீர்த் தட்டை நிரப்புவாள். டார்ச் வைத்துப் பார்த்தபோது வட்டம் போட்ட முட்டைகளில் சிவப்பு நரம்பு ஓடியதை அஞ்சம்மாளுக்கும் கூப்பிட்டுக் காட்டினாள். அஞ்சம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் தினமும் சாயங்காலம் மல்லாட்டை வயலிலிருந்து வரும்போது மிஷினை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

பொரிக்கிற நாள் நெருங்கும்போது ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இடி என்றால் சாதாரண இடி இல்லை, பாத்திரங்கள் பரணில் அதிர்ந்தன. காற்றில் கம்பம் சாய்ந்து மறுநாள் மத்தியானம் வரை கரண்ட் வரவில்லை. பகல் முழுக்கப் பேட்டரி ஏறியிருக்க வேண்டிய அளவு ஏறியிருந்தால் தாங்கியிருக்கும். தாங்கவில்லை. காலையில் வடிவு மூடியைத் திறந்து கையை வைத்தபோது முட்டைகள் ஜில்லென்று இருந்தன. அதற்கப்புறம் எதுவும் அசையவில்லை.

ஊர் ஒரே குரலில் இடி என்று சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்தில் அடை வைக்கிற கூடையில் ஒரு இரும்புத் துண்டு, ரெண்டு அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய் போடாமல் யாரும் கோழியை உட்காரவைக்க மாட்டார்கள். போடாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடும் என்பது வழக்கம். மிஷினுக்கு இதெல்லாம் எதற்கு என்று வடிவு போடவில்லை. இப்போது அதை நினைத்து நினைத்து உருகினாள். அஞ்சம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று, என் புத்தி கெட்டுப்போனதால்தான் இப்படி ஆயிற்று, கரியும் இரும்பும் போட்டிருந்தால் உன் வகை பிழைத்திருக்கும் என்று அழுதாள். அஞ்சம்மாள் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இடிக்கு யார் என்ன செய்ய முடியும் என்று அவள்தான் இவளைத் தேற்றினாள்.

புரட்டாசியில் மறுபடி அடை வைத்தபோது வடிவு உடைந்த களைக்கொத்தியின் தலையையும் கரியையும் மிளகாயையும் மிஷின் தட்டில் வைத்தாள். சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். அந்த வாரம் தீனா கண்டாச்சிபுரத்தில் யாருக்கோ பேனல் மாட்ட வந்தவன் அக்காவைப் பார்க்க வந்தான். வடிவு நடந்ததையெல்லாம் சொல்லி, மிஷினைத் திறந்து காட்டினாள். அவன் தட்டில் இருந்த இரும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கரெக்டுதான்க்கா. மிஷினா இருந்தா இன்னா, முட்டை முட்டைதான. இடி உட்ருமா?" என்றவன், தன் பையிலிருந்து ஒரு கனமான போல்ட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். "இதயும் வையி. ரெண்டா இருக்கட்டும்."

வடிவுக்கு அன்றைக்கு மனசு எவ்வளவோ லேசாகிவிட்டது. படித்த தம்பியே சொல்லிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

அந்த அடையும் போயிற்று. இந்தத் தடவை இடியே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் முகையூரிலிருந்து அந்தோணிசாமி வந்தார். கிறிஸ்துமஸுக்கு வளர்க்க நாட்டுக்குஞ்சு வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தவர். சர்க்கரை ஆலையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாய் ஓயாது. தன் வீட்டில் போட்டிருக்கிற சோலார் மாதிரி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று ஆரம்பித்து, தன்னை ஏமாற்ற இனிமேல் ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்பது வரைக்கும் போனார். சக்கரபாணி மல்லாட்டையை அவித்துக் கொண்டுவந்து வைத்து, இதைத் தின்றுகொண்டாவது சும்மா இருப்பார் என்று பார்த்தான். அவர் தின்றுகொண்டே பேசினார்.

குஞ்சு எதுவும் இல்லை என்று வடிவு சொன்னதும் ஏன் என்று கேட்டு, பேட்டரி விடியும்வரை நிற்பதில்லை என்றதும் அதைப் பார்க்க உள்ளே போனார். சுவரில் இருந்த பெட்டிக்கு முன்னால் நின்றதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. பச்சைப் பெயிண்ட் துளிகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இது யாரு போட்டது?"

"என் தம்பி. திண்டிவனத்துல கடை வெச்சிக்கீறான், தீனதயாளன்."

"உன் கூடப் பொறந்தவனா?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றாள். அவர் சக்கரபாணியைப் பார்த்தார். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்கிற மாதிரி கொஞ்சம் நின்று, சொல்லிவிட்டார்.

"இது எங்க ஊட்டு ஜன்னலுக்கு அடிச்ச பெயிண்டும்மா. ஈஸ்டருக்கு அடிக்க சொல்லோ தெறிச்சிது. இந்தப் பொட்டிய மொதல்ல எங்க ஊட்லதான் மாட்டுனான். மீட்டரு வெச்சிப் பாத்தேன், டூப்பு. எடுத்துக்கினு போயி அவன் கடையிலயே வெச்சிட்டு வந்தேன். அப்பறம் வேற ஒண்ணு நல்லதா மாட்டிக் குடுத்தான்."

வடிவு அவரை நம்பவில்லை. பெரிய வாய்க்காரர், எதையாவது சொல்வார். அதே மாதிரி பெயிண்ட் எங்கே வேண்டுமானாலும் தெறிக்கும். அவர் வண்டிப் பெட்டியிலிருந்து கம்பியைக் கவ்விப் பிடிக்கிற மீட்டரை எடுத்துவந்தார். உச்சி வெயில். பேனலிலிருந்து வருகிற கம்பியில் பிடித்தார், எட்டு ஆம்பியர் என்று காட்டியது. பேட்டரிக்குப் போகிற கம்பியில் பிடித்தார், அதுவும் எட்டு. நல்ல பெட்டி என்றால் இந்தப் பக்கம் எட்டு வாங்கினால் அந்தப் பக்கம் பதினைந்தாவது கொடுக்கும் என்றார். பழைய சின்னப் பெட்டியை எடுத்துவரச் சொல்லி அதையும் மாட்டிக் காட்டினார். அதிலும் எட்டு, எட்டு. இரண்டும் ஒரே சாதி, இது மேலே சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அப்புறம் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே ஒரு மூலையில் பழைய பெட்டியில் இருக்கிற அதே அளவுக்குச் சின்னதாக ஒரு சர்க்யூட் அட்டை இருந்தது. மிச்ச இடத்தில் கனத்துக்காகச் சிமென்ட்டைக் கட்டியாக வார்த்து ஒட்டியிருந்தார்கள்.

எத்தனையோ வருசமாக மச்சானைப் பற்றிச் சொல்லச் சக்கரபாணி வாயில் வார்த்தை வைத்திருந்தான். பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டான்.

மறுநாள் வடிவு அந்தப் பெட்டியை ஒயர்க் கூடையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் போய், திண்டிவனம் பஸ் பிடித்தாள். புருசன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். வழியெல்லாம் அவள் தம்பிக்காகத்தான் பேசிக்கொண்டு போனாள். அவனையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள். கோடவுனில் பெட்டி மாறியிருக்கும். கடைப் பையன்கள் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அவன் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவது என்று முடிவோடு போனாள்.

கடையில் வேறு ஆள் இல்லை. கூடையிலிருந்து பெட்டியை எடுத்துவைத்ததும் தீனா பெயிண்டைப் பார்த்தான். முகையூர்க்காரர் வந்திருந்தார் என்று அவள் சொன்னாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். சரக்கு கொடுத்த மெட்ராஸ்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஆரம்பித்தான். அவள் முகம் தெளிந்தது.

"அப்ப உனக்குத் தெரியாதுதான தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு மேசையில் கிடந்த கம்பித் துண்டைச் சுற்ற ஆரம்பித்தான்.

"மெட்ராஸ்காரன் திருப்பி வாங்கிக்க மாட்டன்னுட்டான்க்கா. எங்கியாவது தள்ளித்தான ஆவணும். வெளியாளு ஊட்ல போட்டா மீட்டரு வெச்சிப் பாப்பான், சண்டைக்கு வருவான், கடை பேரு கெட்டுப்பூடும்."

"நானு?"

"நீ என்னிய நம்புவ."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் குற்றம் எதுவும் தெரியவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் அவளைக் கொன்றது. அவன் திருடியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவள் வைத்திருந்த நம்பிக்கையை, யாரும் எட்டிப் பார்க்காத மூலை என்று கண்டுபிடித்து, விலை போகாத சரக்கை அங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறான்.

"மிஷின்ல இரும்பு வெச்சிருந்தத காட்டுனேனே. அன்னிக்காவது சொல்லியிருக்கலாமில்ல. நீயும் ஒரு போல்ட்ட எடுத்து வெச்சியேடா, உன் கையால" என்றாள்.

தீனா கம்பித் துண்டை மேசையில் போட்டுவிட்டு, நல்ல பெட்டி ஒன்றை நாளைக்கே மாட்டிவிடுகிறேன் என்றான். மாமாவுக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னான்.

"ஊர்ல எல்லாம் இடின்னுதான பேசிக்கினு கீறாங்க. அப்டியே இருக்கட்டும்க்கா. உனக்கும் கெட்ட பேரு இல்ல, எனக்கும் இல்ல."

வடிவு பெட்டியை அவன் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸை விட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டு, உட்கார்ந்திருந்தாள். அவன் பின்னால் வருவான் என்று ஒரு நினைப்பு இருந்தது. வரவில்லை.

அடுத்த நாள் காலையில் அவள் வீடு வீடாகப் போனாள். கோடு போட்ட முட்டைக்காரி, புள்ளி போட்ட முட்டைக்காரி, எல்லோருடைய வாசலிலும் நின்று, இடி இல்லை, என் தம்பி போட்டது போலிப் பெட்டி, தெரிந்தே போட்டிருக்கிறான் என்று சொன்னாள். சிலர் பாவம் என்றார்கள். ஒருத்தி, கூடப் பிறந்தவனை இப்படி ஊரில் இழுக்கலாமா என்று கேட்டாள். வடிவு அடுத்த வீட்டுக்குப் போனாள். அஞ்சம்மாள் வீட்டுக்குக் கடைசியாகப் போனாள்.

அஞ்சம்மாள் மல்லாட்டைக் கொடியைக் குவித்துப் போட்டுக் காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். வடிவு பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கொடியை எடுத்து ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். போல்ட்டைச் சொன்னாள். அவன் நீ நம்புவாய் என்றதைச் சொன்னாள். இடி என்றே இருக்கட்டும் என்றதையும் சொன்னாள். அஞ்சம்மாள் கை ஓடிக்கொண்டே இருந்தது.

"இடின்னே உட்டுருக்கலாம் நீ" என்றாள் கடைசியில். "இடி மேல எனக்குக் கோவம் வர்ல. போச்சின்னு உட்டுட்டேன். இப்ப இந்தக் கோவத்த நான் எங்க கொண்டும்போயி வெக்கிறது? தெனம் காலையில எழுந்தா உன் ஊடுதான் எதிர்ல கீது."

வடிவு கையில் இருந்த கொடியைக் கீழே வைத்தாள். அஞ்சம்மாள் அதை எடுத்து, வடிவு ஆயாமல் விட்ட காய்களைத் தானே ஆய ஆரம்பித்தாள்.